இருபத்தைந்து பாகை

இந்த மதுவத்துக்கு யாழ்ப்பாணம் ஒத்துவராது.
இருபத்தைந்து பாகையில் மெல்ல அரும்பும்,
முப்பதில் தயங்கும்,
முப்பத்தேழில் நின்றுவிடும்.
சித்திரையில் இராமநாதன் வீதித் தாரே இளகுகிற ஊரில்
இதற்கென்று ஒரு குளிர்பெட்டி,
பெட்டிக்கென்று ஒரு ஸ்டெபிலைசர்,
இரண்டுக்கும் காவலாக நான்.
பக்கத்து மேசையில் டிலக்சனின் மதுவம்,
உடுவிலில் ஒரு முட்டிக் கள்ளிலிருந்து பிரித்தெடுத்தது.
அது நாற்பதிலும் நுரைக்கும்,
மூடியைத் தள்ளும், வெட்கமே கிடையாது.

என்னுடையதன் பிழை மிகச் சிறியது.
புரதம் பிறந்துகொண்டிருக்கும்போதே
பதினான்கு வெல்லம் கோத்த கொப்பொன்று அதன்மேல் ஏறுகிறது.
பிறகு கவாத்து: மூன்று குளுக்கோசு, ஒரு மனோசு.
அடுத்த அறையில் ஒரு நொதியம்
ஒரேயொரு மனோசை அதில் வைக்கவேண்டும்.
அந்த ஒன்றின்மேல்தான் மிச்ச ஐம்பதும் நூறும்.
என் விகாரியில் அந்த நொதியம் இல்லை.
வெட்டிய கொப்பு வெட்டியபடியே நிற்கிறது,
தளிர் இல்லை.

கலச்சுவர் நொய்ந்துபோகும்.
நுணுக்குக்காட்டியில் பார்த்தால்
மகள் கலங்கள் பிரிந்து போகாமல்
தாயோடு ஒட்டித் திராட்சைக் குலையாகத் தொங்கும்.
"எங்கட வீடு மாதிரி" என்றான் டிலக்சன்,
மூன்று வருடமாக கனடா ஃபோமை நிரப்பிக்கொண்டிருப்பவன்.
சிரித்தேன். குறிப்பேட்டில் அதை எழுதவில்லை.
பிரிய மனமில்லாமல் அல்ல அவை;
பிரித்துவிடுகிற புரதத்துக்கு
உடுப்புச் சரியில்லை.

மாசியில் ஒருத்தி வந்தாள், மானிப்பாயிலிருந்து.
இடுப்பில் நான்கு வயதுப் பிள்ளை,
கழுத்து இன்னும் யோசித்து யோசித்துத்தான் நிற்கிறது.
கொழும்பிலிருந்து வந்த அறிக்கையில்
என் அறைக்கதவில் ஒட்டியிருந்த சொல் இருந்தது:
கிளைக்கோசைலேற்றம்.
அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.
"சீனி ஒட்டாததுதான் பிழையெண்டால், மிஸ்,
சீனி கூடக் குடுத்தாச் சரிவருமோ?"

மடத்தனமான கேள்வி இல்லை அது.
இந்த வருத்தத்தின் ஒரு வகைக்கு
மனோசைக் கரைத்துக் கொடுக்க, பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள்.
இவளுக்கு வேறு படி.
என் மதுவத்துக்கு இன்னொரு படி.
ஏணி ஒன்று.
இதையெல்லாம் ஒரு வாசலில் நின்று எப்படிச் சொல்வது?
"இல்லை" என்றேன்.
பிள்ளை என் பேனாவைப் பிடிக்கப் பார்த்தது.
கை ஒருதரம் தவறியது, இன்னொருதரம் தவறியது,
பிறகு பிடித்தது.
வாங்கவில்லை நான்.

வியாழன் இரவு போன கரண்ட் சனி மத்தியானம் வந்தது.
ஜெனரேற்றருக்கு டீசல் இருந்தது;
திறப்பு வைத்திருந்தவர் அச்சுவேலியில், கலியாண வீட்டில்.
பெட்டியைத் திறந்தால் முகத்தில் வெக்கை.
முப்பத்தைந்து.
விகாரித் தட்டுகளில் வெறும் அகர்,
விளக்கைப் பிடித்தால் அந்தப் பக்கம் என் விரல் தெரிந்தது.
கள்ளு மதுவம் கொழுத்துக் கிடந்தது.

கடைசித் தட்டு, சோபிற்றோல் கலந்தது.
அதில் மட்டும் ஊசிமுனை ஊசிமுனையாக வெள்ளை.

சோபிற்றோல் எதையும் திருத்தாது.
வைக்காத மனோசை வைக்காது.
வெளியே கொஞ்சம் பாரம் கூட்டும்,
உள்ளே தண்ணீர் பாய்ந்து வெடித்துப்போகாமல்.
அவ்வளவுதான் அதன் வேலை.
அதற்குள் சுவர் எப்படியோ
இன்னொரு நாள் நிற்கிறது.

எண்ணினேன், நாற்பத்தொன்று.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ண, நாற்பத்து மூன்று.
திகதி எழுதினேன், பாகை எழுதினேன்.
மேற்பார்வையாளருக்கு வளர்ச்சிக் கோடு வேண்டும்,
கரண்ட் கதை வேண்டாம்.
ஓரத்தில் பென்சிலால் மிதுசா என்று எழுதினேன்.
அவளிடம் கேட்டு வைத்திருந்தது
பெயர் ஒன்றைத்தான்.